திருகோணமலை மாரிக்கு ஸ்னோ ரயர் வேண்டுமா? பழைய டொல்பின் கேம்பர் வானுக்கு ரயர் தெரிவு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உப்புவெளியில் நிற்கும் உங்கள் 1996ஆம் ஆண்டு டொல்பின் வானுக்குள் (டொயோட்டா ஹயஸுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்துக் கேம்பர் வானாக மாற்றிவிட்டீர்கள். மாரி பிடிப்பதற்குள் நாலு ரயரும் மாற்ற வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் மாமாவிடமும் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் டி4 கேம்பர் உண்டு. அவர், "மழைக் காலத்துக்கு வின்டர் ரயர் போடு, பிடிப்பு நல்லாயிருக்கும்" என்கிறார். ரயர் கடையிலும் ஜப்பானில் கழற்றி வந்த ஸ்னோ ரயர் நாலு பாதி விலைக்குக் கிடக்கிறது. வெட்டு ஆழமாக, புதிது போலத் தெரிகிறது. வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். சும்மா தந்தாலும் வேண்டாம். மாமா சொல்வது அவருடைய ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி, எங்கள் ஊருக்குப் பிழை. நான் 14 வருடம் ஜெர்மனியில் ரயர் பட்டறையில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். ஒவ்வொரு ஒக்டோபரிலும் நூற்றுக்கணக்கான வின்டர் ரயர்களை என் கையால் பூட்டியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் வடிவாகச் சொல்ல முடியும்.

ரயரைப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் முதலில் போவது வெட்டின் ஆழத்துக்குத்தான். உண்மையில் ரயரின் குணத்தில் பெரும்பங்கு ரப்பரில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நினைத்துப் பாருங்கள். திருகோணமலைக் குசினியில் வருடம் முழுக்க அது தண்ணீராக நிற்கும். அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் ஓர் இரவு வைத்தால் விடியும்போது வெள்ளைக் கட்டியாக இருக்கும். ரப்பர் அப்படி உருகி உறைவதில்லை. ஆனால் குளிர் கூடக் கூட இறுகும், சூடு ஏற ஏற இளகும். ஒவ்வொரு கலவைக்கும் அது நன்றாக வேலை செய்யும் ஒரு வெப்ப எல்லை உண்டு. சாதாரண ரயர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கி வீதியைப் பிடிக்காமல் வழுக்கும். வின்டர் ரயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடச் சேர்த்து, அந்தக் குளிரிலும் மென்மையாக நிற்கும்படி செய்திருப்பார்கள். அதன் மேல் முழுக்க மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியில் ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் நகம் போலப் பிடிக்கும்.

இப்போது அந்த ரயரை எங்கள் வீதிக்குக் கொண்டுவாருங்கள். இங்கே மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நிழலிலேயே 35 பாகை வரும். தார் வீதி 50ஐத் தாண்டிக் கொதிக்கும். குளிருக்கென்று மென்மையாகச் செய்த ரப்பர் அந்தச் சூட்டில் இன்னும் இளகுகிறது. மெல்லிய வெட்டுகளால் துண்டுபட்ட மேற்பரப்பு, பிரேக் பிடிக்கும்போது நிமிர்ந்து நிற்காமல் மடிந்து ஆடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பஞ்சு மெத்தை மேல் நிற்கிற மாதிரி ஒரு தளம்பல் வரும். பிரேக் தூரம் கூடும், ரயரும் கிடுகிடு என்று தேயும். உயரமான, பாரமான டொல்பினில் அந்தத் தளம்பல் காரைவிட அதிகமாகத் தெரியும்.

"சரி, கோடையில் அப்படி, மாரியில் நல்லதுதானே" என்று கேட்பீர்கள். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் நீங்கள் பார்த்தது சாதாரண வின்டர் ரயரும் இல்லை. பக்கச் சுவரில் ஆங்கில எழுத்தில் ஸ்டட்லெஸ் என்று பொறித்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முன்பு ஜப்பானில் பனிக்கு இரும்பு ஆணி பதித்த ரயர் ஓட்டினார்கள். ஆணி வீதியைச் சுரண்டித் தூசி கிளப்பி ஊரெல்லாம் நோயாக்கியதால் 1990இல் சட்டம் கொண்டுவந்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். அதன் பிறகு எங்கும் பரவியதுதான் ஆணி இல்லாத இந்த ஸ்டட்லெஸ். பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக், யோகோஹாமாவின் ஐஸ்கார்ட் எல்லாம் இந்த வகை. பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேல் படர்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியாத மெல்லிய தண்ணீர்ப் படலம். பிளிசாக் போன்றவற்றின் ரப்பருக்குள் நுண்ணிய துளைகள் வைத்து அந்தப் படலத்தை ஒற்றி எடுக்க வைத்தார்கள். அருமையான வேலைதான். ஆனால் கந்தளாய் வீதியில் மழை கொட்டும்போது சில்லுக்குக் கீழே வருவது ஒற்றி எடுக்கிற படலம் இல்லை, வாரி வெளியே எறிய வேண்டிய வெள்ளம். பனிக்கட்டிக்கு என்று மிக மென்மையாகச் செய்த இந்த வகை, சூடான ஈர வீதியில் பிரேக் பிடிக்கும்போது சாதாரண ரயரைவிடப் பின்னுக்குத்தான் நிற்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வெட்டு இவ்வளவு ஆழமாக இருக்கும்போது ஜப்பான்காரர் அதை ஏன் கழற்றினார்? ஸ்டட்லெஸ் ரயரில் தேய்வு அடையாளம் இரண்டு உண்டு. ஒன்று எல்லா ரயரிலும் உள்ள 1.6 மில்லிமீற்றர் அடையாளம். மற்றது பாதித் தேய்விலேயே வெளியே தெரியும் ஒரு மேடை. அந்த மேடை தெரிந்தவுடன் அதைப் பனிக்கு ஓட்டக்கூடாது என்பது அங்கே விதி. அதாவது பாதி வெட்டு மிச்சம் இருக்கும்போதே அது அவர்களுக்குக் கழிவு. அல்லது வெட்டு இருந்தாலும் வருடம் போய் ரப்பர் இறுகியிருக்கும். இறுகிவிட்டால் பனிக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவரும் ஆழத்தை மட்டும் பார்த்து நல்ல சாமான் என்று நம்பியிருக்கலாம்.

நான் இதைச் சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஊருக்கு வந்த புதிதில் நான் வாங்கிய வானில் இப்படி ஒரு செட் ஸ்டட்லெஸ் கிடந்தது. எனக்குத் தெரியும், ஆனாலும் "தேயும்வரை ஓடட்டும்" என்று விட்டுவிட்டேன். ஓர் ஆடி மாதம், மத்தியான நேரம், அனுராதபுரத்தில் ஒரு கலியாண வீடு முடிந்து ஆட்களும் சாமானுமாக வந்துகொண்டிருந்தேன். ஹொரவப்பொத்தானை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் வலது ரயரின் மேல் பட்டை அப்படியே உரிந்து சில்லு மூடியை அடித்து நொறுக்கியது. வான் இரண்டு தடவை அலைந்து, வீதி ஓரப் பற்றைக்குள் போய் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பிறகு ரயரைக் கழற்றிப் பார்த்தால் வயது 9 வருடம், பாரம் அளவுக்கு மேல், காற்று அளவுக்குக் கீழ். ரப்பரும் எங்கள் வெயிலுக்கு உரியது இல்லை. அன்று பின் சீற்றில் என் மகள் இருந்தாள். அதற்குப் பிறகு ரயர் விசயத்தில் நான் ஒருவருக்கும் "பரவாயில்லை" என்று சொன்னது கிடையாது.

மாமாவின் பக்கத்துக்கும் வருவோம், ஏனென்றால் அவருடைய கேம்பரைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் வீதியில் பனியோ பனிக்கட்டியோ சேறாகிய பனியோ இருந்தால் வின்டர் ரயர் இல்லாமல் ஓட்டுவது குற்றம். 60 யூரோ தண்டமும் ஒரு புள்ளியும். அங்கே "ஓவிலிருந்து ஓ வரை" என்று ஒரு பேச்சு வழக்கு: ஒக்டோபரில் பூட்டு, ஈஸ்டரில் கழற்று. ஜெர்மன் மொழியில் இரண்டுமே ஓ எழுத்தில் தொடங்கும். அவர் பார்க்க வேண்டியது பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள அடையாளம். பழைய எம் பிளஸ் எஸ் எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது சேறும் பனியும் என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிற பெயர், அதற்கு ஒரு சோதனையும் இல்லை. 2024 ஒக்டோபர் 1இலிருந்து மலை அடையாளம் இல்லாததை அங்கே வின்டர் ரயராக ஏற்பதில்லை.

பழைய டி4 கேம்பருக்கு வேறு சிக்கல்களும் உண்டு. அது முன் சில்லால் இழுக்கும் வண்டி என்பதால், செலவு குறைக்க முன்னுக்கு மட்டும் இரண்டு வின்டர் ரயர் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடக்கூடாது. முன் பிடிக்க, பின் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் வண்டியை வெளியே எடுப்பது குறைவு, பனி மலைக்கும் போவதில்லை என்றால் மலை அடையாளம் உள்ள நாலு பருவ ரயரே அவருக்குப் போதும். கேம்பருக்கென்றே சிபி என்ற எழுத்தோடு ரயர் வருகிறது. மாதக்கணக்கில் பாரத்தோடு நிற்கும் வண்டிக்காகக் கூடிய காற்றழுத்தம் தாங்கும்படி செய்தது. மிச்லினின் கிராஸ்கிளைமேட் கேம்பிங்கில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. டி4இன் அளவில் கிடைக்காவிட்டால் சி எழுத்துள்ள வான் ரயர் தாராளமாகப் போதும். வெட்டு 4 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் பனிக்கு நம்பவேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்து ஒஸ்ரியாவில் அந்த 4 சட்டமே.

சரி, உங்கள் டொல்பினுக்கு வருவோம்.

கேம்பராக மாற்றிய பழைய வானில் எல்லோரும் மறந்துவிடுவது பாரம். 60 லீற்றர் தண்ணீர் என்றால் 60 கிலோ. லைட்டுக்கும் குளிர்பெட்டிக்கும் வைத்த பெரிய பற்றரி சுமார் 30 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து அதன் இரட்டிப்பு அளவுக்கு வரும். பலகைக் கட்டில், அலுமாரி எல்லாம் சேர்ந்து நூறு கிலோவை இலேசாகத் தாண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் பின் அச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மேலும் இது ஆட்கள் ஏறி இறங்குகிற பாரம் போல இல்லை. வண்டி நின்றாலும் ஓடினாலும் 24 மணி நேரமும் அதே ரயரின் மேல் இருக்கும்.

ஆகவே ரயர் வாங்குவதற்கு முன் ஒரு நாள் மினக்கெட்டு வானை எடை போடுங்கள். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் மேடை இருக்கும், கேட்டால் நிறுத்துத் தருவார்கள். தண்ணீர் நிரப்பி, காஸ் வைத்து, பயணம் போகிற ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். முதலில் முழு வண்டியையும் நிறுங்கள். பிறகு பின் சில்லு மட்டும் மேடையில் நிற்க ஒரு தடவை. அந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது.

பின் அச்சில் 1,500 கிலோ வந்தது என்று வையுங்கள். ஒரு சில்லுக்கு 750 கிலோ. சாதாரணக் காரில் போடும் 195/65 ஆர் 15 ரயரின் பார எண் 91, அது தாங்குவது 615 கிலோ. "றிம்முக்குச் சரியாகப் பொருந்துதே" என்று கார் ரயரைப் பூட்டிய வான்களை நான் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. உங்களுடையது 195 ஆர் 14 சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி சி தான் முக்கியம், வர்த்தக வான் ரயர் என்று பொருள். அதன் பக்கத்தில் 106/104 என்று இருக்கும். முதல் எண் ஒற்றைச் சில்லுக்கு: 106 என்றால் 950 கிலோ. இரண்டாவது எண் இரட்டைச் சில்லு வண்டிக்கு, உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு பின் ரயரும் சேர்ந்து 1,900 கிலோ தாங்கும் என்றால் 1,500க்கு மேல் நல்ல இடைவெளி இருக்கிறது. பழைய அச்சு, பழைய ஸ்பிரிங், குழி விழுந்த வீதி எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளி வேண்டும். 8 பிஆர் என்று எழுதியிருப்பது வலுவின் தரம், உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று பொருள் இல்லை. டொல்பினில் 14 அங்குல றிம்மும் 15 அங்குல றிம்மும் புழக்கத்தில் உண்டு. முன்னைய சொந்தக்காரர் மாற்றியும் இருக்கலாம். அதனால் கிடக்கும் ரயரைப் பார்த்து மட்டும் அளவைச் சொல்லாமல், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெட்டின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளவாக்கில் மூன்று நாலு அகலமான தவாளிப்புகள், பக்கத்துக்குத் திறக்கும் வாய்க்கால்கள் உள்ள சாதாரண வீதி ரயர் போதும். முள்ளு முள்ளாக இருக்கும் சேற்று ரயர் பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் ஈரத் தாரில் பிடிப்புக் குறைவு, காதும் வலிக்கும். ஐரோப்பாவில் விற்கும் ரயரில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் போட்ட ஸ்டிக்கர் வரும். அதே மொடல் இங்கே கிடைத்தால் அந்தத் தரத்தை இணையத்தில் தேடிப் பார்த்து, ஏ அல்லது பி உள்ளதை எடுங்கள். களனியில் செய்யும் சியெட் வகையிலும் வான் ரயர் கிடைக்கிறது. புதிதாக, இந்த வருடத் தயாரிப்பாகக் கிடைக்கும் உள்ளூர் ரயர், ஏழு வருடம் பழைய பெரிய பெயர் ரயரைவிட எனக்கு மேல். முன் சில்லுக்கு ரீபில்ட் ரயர், அதாவது தேய்ந்த ரயரில் புதுப் பட்டை ஒட்டியது, வேண்டவே வேண்டாம். கேம்பருக்கு அது பின்னுக்கும் வேண்டாம் என்பது என் கருத்து, சூடும் பாரமும் சேர்ந்தால் ஒட்டிய பட்டை எத்தனை நாள் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

வயது பார்க்கும் முறை தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பக்கச் சுவரில் டொட் என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம். 3423 என்றால் 2023ஆம் ஆண்டின் 34ஆம் கிழமை. ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுமையாக இருக்கும், தெரியாவிட்டால் ரயரைப் புரட்டச் சொல்லுங்கள். புரட்ட மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டுவதும், பத்து வருடம் ஆனால் வெட்டு எவ்வளவு இருந்தாலும் கழற்றி எறிவதும் பெரிய ரயர் நிறுவனங்களே சொல்லும் கணக்கு. வெயிலும் உப்புக் காற்றும் உள்ள எங்கள் ஊரில் நான் ஏழுக்கு மேல் போக மாட்டேன். கேம்பர் வான்களில் ரயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்றே சாகிறது. ஓடும் ரயரில் ரப்பருக்குள் இருக்கும் பாதுகாப்பு மெழுகு அசைவில் வெளியே வந்து மேற்பரப்பை மூடும். நிற்கும் ரயரில் அது வராமல் பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு விடும். கடற்கரைப் பக்கம் நிறுத்துவீர்கள் என்பதால், வெயில் படும் பக்கச் சில்லுகளைச் சாக்கால் மூடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சாம்பல்தீவுப் பாலம் வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

காற்றுக்கு வருவோம். நான் வானில் ஏறுமுன் பார்ப்பது இதைத்தான். பெற்றோல் செட்டில் பொடியன் எல்லா வண்டிக்கும் கார் கணக்கில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துவிடுவான். பாரமான வானின் பின் ரயருக்கு அது பாதிப் பட்டினி. கதவுத் தூண் ஸ்டிக்கரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்குக் கூடிய ஒன்று எழுதியிருக்கும். முழுப் பாரத்துக்கான எண்ணையே அடியுங்கள், ரயரின் சுவரில் உள்ள உச்ச அளவைத் தாண்டாமல். காலையில் ஓட்டுமுன், ரயர் குளிராக இருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடாகிய ரயரில் எண் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். 65 பிஎஸ்ஐக்குக் கிட்ட அடிக்கும் ரயர் என்றால் சாதாரண ரப்பர் வால்வு அதன் எல்லையில் நிற்கிறது, இரும்பு வால்வு போடச் சொல்லுங்கள்.

மழையில் வழுக்குவதற்கும் காற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வீதியில் தண்ணீர் தேங்கி நிற்க, சில்லு அதை விலக்க முடியாத வேகம் வந்தால் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். 1960களில் நாசா விமானச் சில்லுகளை வைத்து ஆராய்ந்து, அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று ஒரு கணக்கு தந்தது. அந்தக் கணக்கில் 36 பிஎஸ்ஐ உள்ள ரயர் மணிக்கு சுமார் 100 கிலோமீற்றரில் மிதக்கும், 25 என்றால் சுமார் 83இலேயே மிதக்கும். நல்ல வெட்டுள்ள ரயர் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். நடைமுறையில் எங்கள் பக்கத்து மழையில் நான் 60க்கு மேல் போவதில்லை. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை நேரான வீதி, கால் தானாக அழுத்தும். யானையும் குறுக்கே வரும். வெட்டு 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாரிக்கு முன் மாற்றிவிடுங்கள், 1.6 வரை காத்திருக்க வேண்டாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போவது இலகு. ஆனால் மாரியில் அந்தப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்கள் வரும். ஓடும் தண்ணீருக்குள் எந்த ரயரும் உதவாது, திரும்பிவிடுங்கள். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் இந்தக் கரையில் ஏறியபோது போல எச்சரிக்கை இருந்தால் கேம்பரைக் கிளப்பவே வேண்டாம். கோடை முடிந்து விழும் முதல் மழையிலும் கவனம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் அந்த முதல் அரைமணி நேரம் சவர்க்காரம் போல இருக்கும்.

நுவரெலியாப் பயணத்துக்காவது வின்டர் ரயர் வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கே தை, மாசியில் விடியற்காலை புல்லில் உறைபனி விழுவதுண்டு, தேயிலைக் கொழுந்தும் கருகும். ஆனால் வீதியில் பனிக்கட்டி படிந்து நிற்பதில்லை, வெயில் ஏறியதும் 20 பாகைக்குக் கிட்ட வந்துவிடும். ஒரு சுவையான கணக்கும் உண்டு. இங்கே 32 பாகையில் 50 பிஎஸ்ஐ அடித்த ரயர் அங்கே 12 பாகையில் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறையும். ஆனால் நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம், வெளிக் காற்றழுத்தம் குறைவு, அதனால் மானி 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அங்கே போய்க் காற்றைத் தொடத் தேவையில்லை. அந்த வழியில் உங்கள் உண்மையான கவலை பிரேக். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு றிம் வழியாக ரயருக்கும் ஏறும்.

நாலும் ஒரே தடவையில் வாங்கக் காசு போதாவிட்டால் இரண்டு வாங்குங்கள், அந்தப் புதிய இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். பலர் ஸ்டியரிங் முன்னுக்கு என்று முன்னுக்குப் போடுவார்கள். ஈர வளைவில் முன் வழுக்கினால் வான் நேரே போகப் பார்க்கும், அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பும். பின் வழுக்கினால் வான் சுழலும், அதைப் பிடிக்க எவராலும் முடியாது. பின் சில்லால் தள்ளுகிற, பின்னால் பாரம் ஏற்றிய டொல்பினில் இது இன்னும் முக்கியம். பூட்டும்போது வீல் பலன்சும் அலைன்மென்றும் செய்யுங்கள். 1996 வண்டியில் முன் புஷ், போல் ஜொயின்ற் ஆடிக்கொண்டிருந்தால் புது ரயர் ஐயாயிரம் கிலோமீற்றரில் ஒரு பக்கம் தின்னப்பட்டுவிடும், அதனால் அவற்றை முதலில் பாருங்கள். றிம்மின் உள் விளிம்பில் துரு இருந்தால் உரசி, பெயின்ற் அடித்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். உப்புக் காற்று பட்ட பழைய றிம்மில் காற்று மெல்ல மெல்லக் கசிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணலில் இறக்கிப் புதைந்தால் காற்றைக் குறைத்துத்தான் ஏற வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் கையில் ஒரு சின்னக் கொம்பிரஸர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். குறைந்த காற்றோடு தார் வீதியில் ஊருக்குத் திரும்புவது, நான் ஹொரவப்பொத்தானையில் செய்ததற்குச் சமம்.

கடைசியாக, வானுக்கு அடியில் தொங்கும் ஸ்பெயார் ரயரை இறக்கிப் பாருங்கள். தொங்கவிடும் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருக்கும், நடு வீதியில் மழைக்குள் நின்று அதோடு போராடுவதைவிட இப்போதே எண்ணெய் விட்டு இறக்குவது நல்லது. இறக்கியதும் டொட் வரிசையின் கடைசியைப் பாருங்கள். நாலுக்குப் பதிலாக மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்தது, வானோடு ஜப்பானிலிருந்து வந்த அதே ரயர். அப்படியென்றால் நாலு இல்லை, ஐந்து ரயருக்குக் காசு சேர்க்க வேண்டும்.